முன்சாளர உரிமையும் தமிழ் விசைப்பலகையும்

தேவிகுளம் வட்டத்தின் தமிழ்வழிப் பள்ளியொன்றில் மாணவர் கணினியில் தட்டச்சுச் செய்கையில், ஒவ்வோர் எழுத்தும் எந்தச் சாளரத்தைச் சேரவேண்டும் என்பதை இயங்குதளம் தீர்மானிக்கிறது. எளிதாகத் தோன்றும் இத்தீர்மானத்துக்குப் பின்னே நெடிய இழுபறி உண்டு.

விண்டோஸ் 3.1இல் எல்லா நிரல்களுக்கும் உள்ளீட்டு வரிசை ஒன்றே. ஒன்று உறைந்தால் மற்றவையும் நின்றுவிடும். 1995இல் வந்த விண்டோஸ் 95, இழைதோறும் தனி வரிசை தந்து இக்குறையைக் களைந்தது. எனினும் எந்த நிரலும் தன் சாளரத்தை நினைத்தபோது முன்னே கொணர முடிந்தது. ஒரு சாளரத்துக்கென அடித்த கடவுச்சொல், திடீரென முளைத்த மற்றொன்றில் விழக்கூடும். ஆகவே விண்டோஸ் 98, 2000 ஆகியவை தடை விதித்தன: பயனரின் கடைசி உள்ளீட்டுக்குப் பின் 2,00,000 மில்லிநொடி வரை பின்னணி நிரல் தானாக முன்வரலாகாது, பணிப்பட்டையில் அதன் பொத்தான் மினுங்கும், அவ்வளவே.

நிரலர்கள் மாற்றுவழி தேடினர். சிலர் அட்டாச்த்ரெட்இன்புட் என்னும் செயற்கூற்றால் தம் வரிசையை முன்னிற்கும் நிரலின் வரிசையோடு பிணைத்தனர். தடை விலகியது, ஒன்று உறைய மற்றதும் உறையும் பழைய நோய் திரும்பியது. வேறு சிலர் காத்திருப்பு நேரத்தையே சுழியமாக்கினர். ஒரு நிரலின் வசதிக்காகக் கணினி முழுமைக்குமான காப்பு அகன்றது.

தமிழ் உள்ளீட்டு மென்பொருளின் தேவையோ இதற்கு நேர்மாறானது: அது முன்வராமலே பணியாற்ற வேண்டும். திரை விசைப்பலகையைச் சொடுக்கினால் அதுவே செயற்படு சாளரமாகி, எழுத்தைப் பெறவேண்டிய சாளரம் பின்தங்கிவிடும். விண்டோஸ் 2000 இதற்கெனத் தனிப் பாணியை வழங்கியது. அதற்கு முன்னர், சுட்டியின் செய்தியை இடைமறித்து 'செயற்படுத்தாதே' என விடையளிக்க நேர்ந்தது. 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 முறையில் 'க'வை அடுத்து 'இ' தட்டினால் 'கி' வரும். முந்தைய எழுத்தை நினைவிற்கொள்ளும் மென்பொருள், இடையில் சாளரம் மாறியதை உணர்ந்து அந்நினைவை அழிக்காவிடில், புதிய சாளரத்தின் எழுத்தைச் சிதைக்கும். விண்டோஸ் 7 வரை உள்ளீட்டு மொழியும் சாளரத்துக்குச் சாளரம் வேறுபட்டது. 8இல்தான் அது இயல்பாகப் பொதுவாயிற்று.

கேரள அரசுப் பள்ளிகளுக்குக் கைட் நிறுவனம் வழங்குவது உபுண்டு வழி இயங்குதளம். லினக்சின் சாளர மேலாளர்களும் பயனரின் கடைசிச் செயலின் நேரத்தை ஒப்பிட்டே முன்னுரிமை அளிக்கின்றன. இரு மரபுகளும் வெவ்வேறு வழியில் ஒரே முடிவை எட்டின: முன்சாளர உரிமை நிரலுக்குரியதன்று, விசையைத் தொடும் கைக்குரியது. அக்கை எழுதும் மொழி எதுவாயினும், இம்முடிவே அதற்குக் காப்பு.