கூட்டுழைப்பும் காணுங் கருவியும்: இணைய விளையாட்டின் துணைநிரல்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கூட்டுழைப்பின் வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் உற்பத்திக் கருவிகளையே கருத்திற் கொள்வர். ஏர், தறி, தோணி, வலை என்பன யாருடைய உடைமை, அவற்றால் விளைந்த பயன் எவ்வாறு பங்கிடப்பட்டது என்பனவே அவர்தம் முதன்மையான வினாக்களாகும். ஆயின், பலர் ஒருங்குகூடிச் செய்யுந் தொழிலிலே, தொழில் எந்நிலையில் உள்ளது என்பதைத் தொழில் செய்வோருக்கு அறிவிக்குஞ் சாதனங்களும் உள. அவை யாருடைய ஆக்கம், யாருடைய கட்டுப்பாட்டில் உள்ளன என்ற வினா அத்துணைக் கவனத்தைப் பெற்றதில்லை.

அம்பாறைக் கரையோரத்தில் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய ஊர்களுக்கு நன்கு பழக்கமான கரைவலைத் தொழிலை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். கரையில் நின்று வடம் இழுப்போர் மடியினுள்ளே நிகழ்வதைக் காணார். நீரின் நிறமாற்றத்தையும் மீன்கூட்டத்தின் அசைவையும் அறிந்து சைகை காட்டும் அனுபவசாலி ஒருவரின் கண்ணே அனைவருக்குங் கண்ணாகின்றது. வலையும் தோணியும் முதலாளியின் உடைமையாக இருக்கலாம். அந்தக் காணுந்திறனோ உழைப்போர் மத்தியிலே வளர்ந்து, அவர்களிடையே கைமாறி வருவது.

முற்றிலும் வேறானதொரு துறையில் இதே பிரச்சினை கடந்த இருபது ஆண்டுகளாக எழுந்துள்ளது. இணையவழிப் பாத்திர விளையாட்டுகளிலே பலர் கூடி நிகழ்த்தும் 'ரெயிட்' எனப்படும் கூட்டுப்படையெடுப்புக்கு இன்றியமையாதனவாகிய துணைநிரல்களின் வரலாறே நாம் இங்கு குறிப்பிடுவது. விளையாட்டு ஆராய்ச்சிக்குரிய பொருளன்று எனக் கருதுவாரும் உளர். ஊதியமின்றிச் செலவிடப்படும் பெருந்தொகையான உழைப்பும், அவ்வுழைப்பின் விளைபொருள்மீது கம்பனியொன்று செலுத்தும் அதிகாரமும் அங்கே தெளிவாகக் காணக்கிடத்தலின், அக்கருத்தை நாம் ஏற்பதற்கில்லை.

தோற்றமும் பின்னணியும்

1999 இல் வெளிவந்த 'எவர்குவெஸ்ட்' என்னும் விளையாட்டிலேயே பல பத்துப்பேர் ஒன்றிணைந்து வலிமைமிக்க பகையொன்றை எதிர்க்கும் முறை நிலைபெற்றிருந்தது. கிடைக்கும் பொருள் சில, உழைத்தோர் பலர். எனவே ஒவ்வொருவரும் பங்குபற்றிய அளவைப் புள்ளிகளாகக் குறித்து, அப்புள்ளிகளைக் கொடுத்துப் பொருளைப் பெறும் 'டிராகன் கொலைப் புள்ளி' என்ற பங்கீட்டு முறையை ஆட்டக்காரர்களே வகுத்துக்கொண்டனர். விளையாட்டை ஆக்கியோர் அளிக்காத ஓர் ஏற்பாட்டை ஆடுவோர் தம் தேவை நோக்கி ஆக்கிக்கொண்டமைக்கு இது ஒரு தொடக்ககாலச் சான்றாகும்.

அமெரிக்காவின் பிளிசர்ட் கம்பனி 2004 நவம்பர் 23 இல் 'வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்' என்ற விளையாட்டை வெளியிட்டது. அதன் தொடக்ககாலப் பெரும் படையெடுப்புகளுக்கு நாற்பது பேர்வரை திரண்டனர். பகையின் அடியைத் தாங்குவோர், காயமுற்றோரைக் குணப்படுத்துவோர், தாக்குவோர் என அவர்களிடையே தொழிற்பிரிவினை அமைந்திருந்தது. ஒருவர் தவறினும் நாற்பதின்மரும் மடிய நேரலாம். ஆயினும் கம்பனி அளித்த திரை இந்நாற்பதின்மரின் நிலையைப் போதிய அளவு காட்டவில்லை. யார் சாகுந் தறுவாயில் உள்ளார், யாரைச் சாபம் பற்றியுள்ளது, பகை அடுத்து யாரை நோக்கித் திரும்பும் என்பனவெல்லாம் ஊகத்துக்கே விடப்பட்டிருந்தன.

இக்குறையை ஆட்டக்காரரே நீக்குவதற்கு ஒரு வாயில் இருந்தது. விளையாட்டின் திரையமைப்பு 'லுவா' என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டிருந்தது. அம்மொழியில் எவரும் புதிய பகுதிகளை எழுதிச் சேர்க்கவும் இடமளிக்கப்பட்டிருந்தது. லுவா 1993 இல் பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனீரோ கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் உருவானது. வெளிநாட்டுக் கணினிப் பொருள்களின் இறக்குமதியை அந்நாடு நெடுங்காலம் கட்டுப்படுத்தியிருந்தது. ஆதலின் உள்நாட்டு ஆய்வாளர் தமக்கு வேண்டிய கருவிகளைத் தாமே ஆக்கும் வழக்கம் அங்கு வேரூன்றியிருந்தது. போர்த்துக்கேய மொழியில் லுவா என்பது நிலவைக் குறிக்கும். மூன்றாம் உலகப் பல்கலைக்கழகமொன்றில் இலவசமாக வழங்கப்பட்ட மொழி, வட அமெரிக்கக் கம்பனியொன்றின் பெருவணிகப் பண்டத்துக்கு உறுப்பாயிற்று என்பது இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது.

இன்றியமையா நான்கு

தொடக்ககாலத் துணைநிரல்களுள் நான்கு வகையினவற்றைச் சிறப்பாகக் குறிப்பிடலாம். முதலாவது, குழுவின் நிலையை ஒருங்கே காட்டுவது. 'சீ.ரீ. ரெயிட் அசிஸ்ட்' என்னும் நிரல் நாற்பதின்மரின் உயிர்நிலையையும் சிறு கட்டங்களாக ஒரே பார்வையிற் காட்டியது. பின்னர் வந்த 'கிரிட்' போன்றன இதனை மேலும் செம்மைப்படுத்தின.

இரண்டாவது, சாபம், நஞ்சு முதலியவற்றைக் களைய உதவுவது. 'மோல்ட்டன் கோர்' என்ற களத்திற் சாபங்கள் ஒரே வேளையிற் பலரைப் பற்றின. 'டீகேர்சிவ்' என்னும் நிரல் பாதிக்கப்பட்டவரைத் தானே கண்டறிந்து, ஒரே விசையை மீளமீள அழுத்துவதன்மூலம் அவரை விடுவிக்க வழிசெய்தது.

மூன்றாவது, பகையின் சினத்தை அளப்பது. தன்மீது மிகுதியான சினத்தைத் தூண்டியவரையே பகை தாக்கும். தாங்குபவரே இதில் முன்னிற்றல் வேண்டும். எச்செயல் எவ்வளவு சினத்தை விளைவிக்கும் என்ற கணக்கு கம்பனியின் கணினிகளுள் மறைந்திருந்தது. ஆட்டக்காரர் சிலர் நூற்றுக்கணக்கான சோதனைகளை நடத்தி அக்கணக்கை வெளிக்கொணர்ந்தனர். அருகில் நின்று தாக்குபவர் தாங்குபவரின் அளவில் 110 சதவீதத்தையும், தொலைவில் நிற்பவர் 130 சதவீதத்தையும் கடக்கும்போதே பகை அவர்மீது திரும்பும் என்பது இவ்வாறு அறியப்பட்டதாகும். இதனடிப்படையில் எழுந்த 'கே.எல்.எச். திரெட் மீற்றர்' என்ற நிரல் ஒவ்வொருவரின் கணக்கையும் அவரவர் கணினியிலேயே கணித்து மற்றையோருக்கு அறிவித்தது. எனவே, அது பயன்தர வேண்டுமெனின் குழுவிலுள்ள அனைவரும் அதனை நிறுவியிருத்தல் வேண்டும். தனியொருவருக்குப் பயன்படாது, கூட்டாகவே பயன்படும் கருவி அது.

நான்காவது, பகையின் அடுத்த செயலை முன்கூட்டி எச்சரிப்பது. 'பிக்விக்ஸ்', 'டெட்லி பொஸ் மொட்ஸ்' ஆகியன இவ்வகையின. முன்னர்த் தோற்றோர் குறித்துவைத்த கால இடைவெளிகளே இவற்றுள் எச்சரிக்கைகளாக உறைந்துள்ளன. ஒரு குழுவின் தோல்வி உலகெங்குமுள்ள பிற குழுக்களுக்குப் பாடமாயிற்று.

இருமுகத் தன்மை

இக்கருவிகளை ஒற்றுமையின் சின்னங்களாக மட்டும் காண்பது முழுமையான நோக்காகாது. குழுவினர் ஒருவரையொருவர் காண உதவிய அதே நிரல், தலைவர் அனைவரையும் கண்காணிக்கவும் உதவிற்று. ஒருவரின் கவசம் பழுதுற்றுள்ளதா, அவர் தேவையான பொருளைக் கொணர்ந்துள்ளாரா என்பதைச் சீ.ரீ. ரெயிட் அசிஸ்ட் மூலம் தலைவர் அறியலாம். 'ரீகவுண்ட்' முதலிய அளவைகள் ஒவ்வொருவரும் விளைவித்த சேதத்தை வரிசைப்படுத்திக் காட்டின. இவற்றை நிறுவாதோர் குழுவிற் சேர்த்துக்கொள்ளப்படாமையும் உண்டு. இத்தகைய நிரல்கள் கண்காணிப்புக்கும் பயன்படுவதை ரீ.எல். ரெய்லர் என்ற ஆய்வாளர் 2006 ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். ஆலைத் தொழிலாளியின் விளைவை மணிக்கணக்கில் அளக்கும் முறை, ஓய்வுநேரத்து விளையாட்டினுள்ளும், அதுவும் ஆடுவோரின் கையினாலேயே, புகுந்துவிட்டதை நாம் மறுக்கவியலாது. எனினும் ஆலையின் அளவை மேலாளரின் கையில் உள்ளது. இவ்வளவையோ அனைவர் திரையிலும் ஒருங்கே தோன்றக்கூடியது. தலைவரின் பிழையும் அதிற் புலப்படும். இவ்வேறுபாடு சிறியதன்று.

கம்பனியின் தலையீடு

இக்கருவிகள்பாற் கம்பனி கொண்ட நிலைப்பாடு காலத்துக்குக் காலம் மாறிவந்துள்ளது. 2006 டிசம்பரில் அது செய்த மாற்றத்தினால், யாரைக் குணப்படுத்துவது என்பதை நிரலே தெரிந்தெடுக்கும் வசதி ஒழிந்தது. முடிவு மனிதனுடையதாதல் வேண்டும் என்பது இதன் கொள்கை. 2008 ஒக்டோபரில், அதுவரை மறைத்துவைத்த சினக்கணக்கைக் கம்பனியே வெளிப்படையாக வழங்கத் தொடங்கியது. ஆட்டக்காரர் உழைத்துக் கண்டது பண்டத்தின் உறுப்பாக உள்வாங்கப்பட்டது.

2009 மார்ச்சில் வெளியிடப்பட்ட விதிகள் வரலாற்று முக்கியத்துவம் உடையன. துணைநிரல்கள் இலவசமாகவே வழங்கப்படல் வேண்டும். அவற்றின் நிரல்வரிகள் எவரும் காணத்தக்கனவாக இருத்தல் வேண்டும். விளையாட்டினுள்ளே விளம்பரமோ நன்கொடை வேண்டுதலோ கூடாது என அவை விதித்தன. இவ்விதிகள் முரண்பட்ட இரு விளைவுகளைத் தந்தன. ஒருபுறம், கருவிகள் பொதுச்சொத்தாக நிலைத்தன; ஒருவர் கைவிட்ட நிரலைப் பிறிதொருவர் எடுத்துத் தொடர முடிந்தது. மறுபுறம், அவற்றை ஆக்கியோர் தம் ஆக்கத்தை விற்று வாழும் வழி அடைபட்டது. மாதச்சந்தா பெறும் கம்பனியோ அவர்தம் உழைப்பினாற் பயன்பெற்றது. நிரல்களைத் திரட்டி வழங்கிய தளங்களும் வணிகப் பொருளாயின. கேர்ஸ் என்ற அத்தகைய நிறுவனத்தை 2016 இல் அமேசனுக்குச் சொந்தமான ட்விட்ச் வாங்கிற்று. அதன் நிரற்களஞ்சியம் 2020 இல் ஓவர்வுல்ஃப் என்ற நிறுவனத்தின் கைக்கு மாறியது. விளம்பர வருவாயில் ஒரு பகுதி ஆக்கியோருக்கு வழங்கப்பட்டதாயினும், களஞ்சியத்தை விற்பதா, யாருக்கு விற்பது என்ற முடிவு அவர்களுடையதாக இருக்கவில்லை.

2010 இல், நிற்கவேண்டிய இடத்தை விளையாட்டு நிலத்திலேயே கோடிட்டுக் காட்டிய ஒரு துணைநிரலைக் கம்பனி செயலிழக்கச் செய்தது. 2025 இல் இதனினும் பெரிய அறிவித்தல் வந்தது. 'மிட்நைட்' என்ற அடுத்த விரிவிலே போர்க்களத் தகவல்களைத் துணைநிரல்கள் ஆராய்ந்து பயன்படுத்த இயலாதவாறு மறைக்கப்போவதாகவும், எச்சரிக்கை, சேத அளவை முதலியவற்றைத் தானே வழங்கப்போவதாகவும் கம்பனி கூறியது. நிரலெழுத அறியாதோரும் தமக்கு வேண்டிய எச்சரிக்கைகளைத் தாமே அமைக்க உதவிய 'வீக் ஓராஸ்' என்ற நிரலை ஆக்கியோர், புதிய விரிவுக்கு அதனை வெளியிடப்போவதில்லை என அறிவித்தனர்.

கம்பனியின் வாதத்தில் உண்மையே இல்லை என்பதற்கில்லை. துணைநிரல்கள் வளர வளர, அவற்றை முறியடிக்குமளவுக்குக் களங்கள் கடினமாக்கப்பட்டன. களங்கள் கடினமாக ஆக, துணைநிரல் இன்றியமையாததாயிற்று. புதியவர் இச்சுழலினுள் நுழைவது அரிதாயிற்று. ஆயினும் பார்வைக் குறைபாடுடையோர் சிலர் ஒலியால் அறிவிக்கும் துணைநிரல்களையே துணையாகக் கொண்டு ஆடிவந்தனர். கம்பனி முன்னெண்ணாத தேவையை எண்ணியோர் அக்கருவிகளை ஆக்கிய ஆட்டக்காரரே. இனி அத்தேவைகள் கம்பனியின் கவனத்தை ஈர்க்கும்வரை காத்திருக்க வேண்டியவையாகும்.

முடிவுரை

இவ்வரலாற்றில் மூன்று கட்டங்களை நாம் இனங்காணலாம். மறைக்கப்பட்ட தகவலை உழைப்போர் தம் கூட்டுமுயற்சியால் வெளிக்கொணர்வது முதற்கட்டம். அம்முயற்சியின் பயனை உடைமையாளர் உள்வாங்குவது இரண்டாவது. தகவல் செல்லும் வாயிலையே உடைமையாளர் மீண்டுந் தம் கையிற் கொள்வது மூன்றாவது.

இது விளையாட்டோடு நின்றுவிடுவதன்று. 2015 இல் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்கு விதித்த இறக்குமதித் தடை 2016 இல் நீங்கியது. அக்காலப் பகுதியிலே ஆழ்கடல் செல்லுங் கலங்களிற் செய்மதிவழிக் கண்காணிப்புக் கருவிகள் பொருத்தப்பட்டன. சட்டவிரோத மீன்பிடியைத் தடுப்பதற்கு அவை வேண்டியனவே. ஆயினும் அக்கருவி முதலிற் பேசுவது கலத்திலுள்ளாரோடன்று, கடற்றொழில் திணைக்களத்தோடாகும். இக்கரையோரத்து ஆழ்கடல் மீனவரும் இன்று இத்தகைய கருவிகளின் உலகினுள்ளேயே தொழில் செய்கின்றனர்.

கருவி வேண்டுமா, வேண்டாவா என்ற வினாவினால் இங்கு பயனில்லை. அது காட்டுவதை யார் காண்பர், அதன் உள்ளமைப்பை யார் படிக்கலாம், பழுதெனத் தோன்றுவதை யார் திருத்தலாம் என்பனவே கேட்கப்பட வேண்டியவை. விளையாட்டுத் துணைநிரல்கள் ஏறத்தாழ இருபது ஆண்டுக்காலம் இம்மூன்றுக்கும் 'ஆடுவோர் அனைவரும்' என்று விடையளித்தன. ஏனைய தொழில்களிற் புகும் கருவிகளுக்கும் அவ்விடையைக் கோருவதற்கு அவ்வனுபவம் நமக்கு ஆதாரமாக உள்ளது.