பேரூர்த் தெருக்களின் பராமரிப்பு நிதி: பொதட்டூர்பேட்டை வட்டாரம்

பொதட்டூர்பேட்டை, திருவள்ளூர் மாவட்டம் பள்ளிப்பட்டு வட்டத்தில் உள்ள ஒரு பேரூராட்சி ஆகும். திருத்தணிக்கு வடமேற்கே, ஆந்திர மாநில எல்லைக்கு அருகில் அமைந்துள்ளது. நெசவு இவ்வூரின் முக்கியத் தொழில். நெசவாளர் ஊர்களில் தெரு நடந்து செல்வதற்கு மட்டும் உரியதன்று. நூலைப் பாவாக நீட்டி, கஞ்சி தோய்த்து, காயவைக்கும் வேலை பல ஊர்களில் தெருவிலேயே நடந்துவந்தது. தெரு பள்ளமும் சேறுமாகிவிட்டால் பாவு போட இடமிருக்காது. எனவே தெருவைச் செப்பனிட யார் பணம் தருவது என்பது இத்தகைய ஊர்களில் பிழைப்பைத் தொட்ட கேள்வியாகும்.

வீட்டு வரியின் தொடக்கம்

தெருச் செலவை அத்தெருவின் வீடுகளிடமே வசூலிப்பது என்ற முறை சென்னை நகரில் முதலில் வேரூன்றியது. 1793ஆம் ஆண்டின் பட்டயச் சட்டம், தெருக்களைத் துப்புரவு செய்யவும் காவல் காக்கவும் பழுதுபார்க்கவும் வீடுகள், நிலங்கள் மீது வரி விதிக்கும் அதிகாரத்தை அமைதி நீதிபதிகளுக்கு வழங்கியது.

நாட்டுப்புறத்தில் நிலைமை வேறு. 1866இல் நிலத் தீர்வையின் ரூபாய்க்கு அரையணா சாலை வரி விதிக்கப்பட்டது. 1871ஆம் ஆண்டின் உள்ளூர் நிதிச் சட்டம் இதை விரிவாக்கியது. இப்பணம் பெரும்பாலும் ஊர்களை இணைக்கும் சாலைகளுக்கே சென்றது. ஊருக்குள் இருந்த தெருக்களுக்கு வேறு வழி தேவைப்பட்டது. ரிப்பன் பிரபுவின் 1882ஆம் ஆண்டுத் தீர்மானத்தைத் தொடர்ந்து வந்த 1884ஆம் ஆண்டின் சென்னை உள்ளாட்சி வாரியச் சட்டம், சில கிராமங்களைச் சேர்த்து ‘யூனியன்’ அமைக்கவும், அங்கு வீட்டு வரி வசூலித்துத் துப்புரவு, விளக்கு, தெருப் பராமரிப்பு ஆகியவற்றைச் செய்யவும் வழிவகுத்தது. இன்றைய பேரூராட்சிகளின் முன்னோடி இந்த யூனியன்களே.

மாறிய எல்லைகள்

திருத்தணி வட்டாரம் கார்வேட்நகர் ஜமீன் பகுதியாக, வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதனுடன் சேர்க்கப்பட்டது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது இவ்வட்டாரமும் அங்கே சென்றது. ம. பொ. சிவஞானம், மங்கலங்கிழார் முதலியோர் முன்னின்ற வட எல்லைப் போராட்டத்துக்குப் பின், படாஸ்கர் பரிந்துரையின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்து செங்கல்பட்டு மாவட்டத்தின் பகுதியானது. 1997இல் திருவள்ளூர் தனி மாவட்டமாயிற்று.

இவ்வாறு அரை நூற்றாண்டுக்குள் மாவட்டமும் மாநிலமும் மாறின. அவற்றோடு மானியம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டிய அலுவலகமும் மாறியது. ஊரோடு நிலையாக நின்றது வீட்டு வரி மட்டுமே.

பேரூராட்சியும் மானியமும்

1958ஆம் ஆண்டின் சென்னை ஊராட்சிகள் சட்டம், மக்கள் தொகை 5,000க்கும் ஆண்டு வருவாய் 10,000 ரூபாய்க்கும் குறையாத ஊர்களைப் பேரூராட்சிகளாக வகைப்படுத்தியது. வீட்டு வரி, தொழில் வரி, சந்தைக் குத்தகை, கட்டணங்கள் ஆகியவையே இவற்றின் சொந்த வருவாய். சம்பளம், குடிநீர், தெருவிளக்கு மின்கட்டணம், துப்புரவு ஆகியவற்றுக்குப் பின் மிஞ்சுவதே தெருவுக்கு. குழியை அடைக்க அது போதலாம். ஒரு தெரு முழுவதற்கும் சிமென்ட் தளம் போடப் போதாது.

ஆகவே வெளிப்பணம் இன்றியமையாததாயிற்று. 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தபின், மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி மாநிலச் சொந்த வரி வருவாயில் ஒரு பங்கு உள்ளாட்சிகளுக்குப் பிரித்துத் தரப்படுகிறது. மானியத்தின் செல்வாக்கு ஊரின் பெயரையே மாற்றியதும் உண்டு. ஊரகத் திட்டங்களின் நிதியைப் பெறும்பொருட்டு 2004இல் தமிழகத்தின் பெரும்பாலான பேரூராட்சிகள் சிறப்புச் சிற்றூராட்சிகளாக மாற்றப்பட்டன. 2006இல் மீண்டும் பேரூராட்சிகளாயின.

மக்கள் பங்களிப்பு

1997-98இல் தமிழக அரசு ‘நமக்கு நாமே’ திட்டத்தைத் தொடங்கியது. மக்கள் ஒரு பங்கு பணம் கட்டினால் அரசு மீதியைத் தரும். 2011இல் தன்னிறைவுத் திட்டமாக நடந்த இது, 2021இல் பழைய பெயரில் மீண்டும் வந்தது. பொதுவான பணிகளுக்கு மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் தர வேண்டும். கடைத்தெருவும் வசதியுள்ளோர் குடியிருப்பும் இத்தொகையைத் திரட்டுவது எளிது. கூலி நெசவாளர் வாழும் சந்து அதைத் திரட்டுவது கடினம். பழுது மிகுந்த தெருவே பங்களிப்புக்கு வலிமையற்றதாகவும் இருப்பது இம்முறையின் குறை. மறுபுறம், பணம் கட்டிய மக்கள் வேலையின் தரத்தை நேரில் நின்று கவனிப்பது இதன் நன்மை.

அண்மை மாற்றம்

15ஆவது நிதி ஆணையம், நகர்ப்புற உள்ளாட்சிகள் மானியம் பெறச் சொத்து வரியின் குறைந்த அளவை அறிவிக்க வேண்டும், வசூலையும் உயர்த்த வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. 2022 ஏப்ரலில் தமிழகம் சொத்து வரியை உயர்த்தியது. சென்னைக்கு வெளியே 600 சதுர அடிக்குட்பட்ட வீடுகளுக்கு 25 விழுக்காடும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 100 விழுக்காடும் கூடின. 1884இல் தெருவுக்கென்று ஏற்பட்ட வீட்டு வரி, இன்று மானியம் பெறுவதற்கான தகுதியாகவும் ஆகிவிட்டது. எந்தத் தெருவுக்கு முதலில் தளம் போடுவது என்பதைப் பேரூராட்சி மன்றத் தீர்மானமே முடிவு செய்கிறது; வரி கட்டிய குடும்பங்கள் தம் தெருவின் முறையை அங்கேதான் கேட்டுப் பெற வேண்டியுள்ளது.