வாத்தியாருக்குப் பாடிய குரல்

வண்ணாரப்பேட்டை டீக்கடையில் டி.எம். சௌந்தரராஜன் பாடிக்கொண்டிருந்தாலும் அதை ‘வாத்தியார் பாட்டு’ என்றுதான் சொல்வார்கள். பாடியவர் பெயரைச் சொல்கிறவர் கொஞ்சம் சங்கீதம் அறிந்தவராக இருப்பார். வாத்தியாரான எம்.ஜி.ஆரின் வாயசைப்புக்குப் பின்னால் இருந்தது இரவல் குரல் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அதை அவருடையதாகவே வடசென்னை வைத்துக்கொண்டது. அந்தக் குரல் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறியபோதும் அப்படியே வைத்துக்கொண்டது. எப்படி முடிந்தது என்பதைத்தான் பல காலமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். மேற்கத்திய ராக் இசை ரசிகர்களுக்குள் ஓயாத வழக்கு ஒன்று உண்டு: பாடகர் போய்ப் புதியவர் வந்த பிறகும் அது அதே குழுதானா, பழைய மாயம் மிஞ்சுமா? அந்தக் கேள்விக்கு நம் ஊரில் கிடைக்கும் மிக நீண்ட சாட்சியம், எம்.ஜி.ஆருக்குப் பாடிய குரலின் கதை.

குரல் பிறப்பதற்கு முன்பு இருந்த நிலையைச் சொல்லிவிட வேண்டும். வண்ணாரப்பேட்டையிலிருந்து நடக்கிற தூரத்தில், பிராட்வே தியேட்டரில், 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ மூன்று தீபாவளி கண்டது. எம்.கே. தியாகராஜ பாகவதர் தன் சொந்தத் தொண்டையால் பாடினார். அந்தக் காலத்தில் கதாநாயகன் என்றால் பாட்டுக்காரன். பாகவதருக்குப் பதில் வேறொருவர் பாடுவது என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. அவர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறை சென்று 1947இல் விடுதலையாகி வந்தபோது காலம் மாறியிருந்தது. அதே 1947இல் ‘ராஜகுமாரி’ படத்தில் எம்.ஜி.ஆர் கதாநாயகன் ஆனார். அவருக்குப் பின்னணி பாடியவர் எம்.எம். மாரியப்பா.

அடுத்த சில ஆண்டுகள் எம்.ஜி.ஆரின் பாட்டுக் குரலுக்கு நிலையான முகவரி கிடையாது. 1954இல் ‘மலைக்கள்ளன்’ வந்தது. கோவை பட்சிராஜா ஸ்டூடியோ படம், எஸ்.எம். சுப்பையா நாயுடு இசை. அதில் டி.எம்.எஸ் பாடிய பாட்டோடுதான் முகமும் குரலும் ஒன்றாக ஒட்டின. அப்போதும் முழுக்க ஒட்டிவிடவில்லை. ‘குலேபகாவலி’யிலும் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்திலும் ஏ.எம். ராஜா பாடினார். ‘சக்கரவர்த்தித் திருமக’ளில் சீர்காழி கோவிந்தராஜன். ‘திருடாதே’யில் பி.பி. ஸ்ரீனிவாஸ். டி.எம்.எஸ் முதலிலிருந்தே இருந்தவர் என்று பலர் நம்புகிறார்கள். அவரும் இடையில் வந்து சேர்ந்தவர்தான். ‘அசல் பாடகர்’ என்று நாம் யாரைச் சொல்கிறோமோ அவரே ஒரு காலத்தில் புதுமுகம். இந்த வழக்கில் முதலில் கவனிக்க வேண்டியது இதை.

அந்தக் குரல் வண்ணாரப்பேட்டைக்கு வந்த வழி நீளமானது. சென்னையில் பதிவாகி, கல்கத்தாவுக்கு அருகே டம்டம் ஆலையில் அரக்கு பிளேட்டில் அச்சாகி, ரயிலேறித் திரும்பி வரும். எச்.எம்.வி.யின் நாய்ப்படம், கொலம்பியா முத்திரை. நிமிடத்துக்கு 78 சுற்று, ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகம், ஒரு பாட்டோடு சரி. மைக் செட்டுக்காரர் அதைப் புடவைத் துணி சுற்றிய பெட்டியில் தூக்கி வருவார். கல்யாணம், மஞ்சள் நீர், ஆடி மாசக் கூழ் ஊற்றுதல், கட்சிக் கூட்டம் எதுவானாலும் விடியற்காலையில் முதல் வேலை, குழாயைத் தெருமுனைக் கம்பத்தில் உயரக் கட்டுவது. ஊசியைச் சில பாட்டுக்கொரு முறை மாற்ற வேண்டும். தேய்ந்த ஊசி பிளேட்டைச் சுரண்டும், பாட்டு கரகரக்கும். பிளேட்டு கை தவறி விழுந்தால் இரண்டாகப் போய்விடும், ஒட்ட முடியாது.

இந்தக் குழாயைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்கிறேன். அதில் அடிக்குரல் வராது. மிருதங்கத்தின் தொப்பியும் தபேலாவின் டக்காவும் பாதியிலேயே கரைந்துவிடும். நடு ஸ்தாயிக்கு மேலே இருக்கிற ஒலிதான் நாலு தெரு தாண்டிப் போகும். மென்மையாக, காதோடு பேசுகிற மாதிரிப் பாடிய பி.பி. ஸ்ரீனிவாஸின் குரல் ரேடியோவில் தேன். தெருக்குழாயில் அது காற்றோடு போய்விடும். டி.எம்.எஸ் எம்.ஜி.ஆருக்குப் பாடும்போது குரலைச் சற்று மூக்கோடும் முன்பக்கமாகவும் வைத்துப் பாடுவார். சிவாஜிக்குப் பாடும்போது அதையே நெஞ்சுக்கு இறக்குவார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் தெரியும். முன்னால் தள்ளிய அந்தக் கணீர்க் குரலும், ஒரு மெய்யெழுத்துகூட விழாத உச்சரிப்பும் தகரக் குழாய்க்கென்றே அளவெடுத்த மாதிரி இருந்தன. கொருக்குப்பேட்டை ரயில்வே தண்டவாளம் வரை வார்த்தை வார்த்தையாகப் போய்ச் சேர்ந்தது. அவர் நிலைத்ததற்கு எம்.ஜி.ஆரின் விருப்பமும் இசையமைப்பாளர்களின் தேர்வும் காரணமாக இருக்கலாம். தெருக்குழாய்க்கும் அதில் பங்குண்டு என்று உறுதியாக நம்புகிறேன்.

வீட்டில் ரேடியோ இருந்தவர்களுக்கு இலங்கை வானொலி. 1952க்குப் பிறகு அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கிவைத்த காலத்தில் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் நம் பாட்டு நமக்குத் திரும்பி வந்தது.

கேட்டவர்கள் யார்? பின்னி மில்லுக்கு ஷிப்ட் போனவர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், திருவொற்றியூர் விம்கோ தீப்பெட்டி ஆலைக்காரர்கள், ரிக்‌ஷா இழுத்தவர்கள், காசிமேட்டில் வலை இழுத்தவர்கள். 1964இல் ‘படகோட்டி’ வந்தபோது விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையில், வாலியின் வரிகளில், மீனவனின் பாட்டை டி.எம்.எஸ் பாடினார். தங்கள் பாட்டைத் தங்கள் ஆள் பாடுகிறார் என்று காசிமேடு எடுத்துக்கொண்டது. குரல் யாருடையது என்பது அங்கே இரண்டாம் பட்சம். யாருக்காகப் பேசுகிறது என்பதே முதல்.

இதற்கு வந்த பெரிய சோதனை பாட்டில் வரவில்லை, பேச்சில் வந்தது. 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் வீட்டில் எம்.ஆர். ராதா சுட்ட குண்டு எம்.ஜி.ஆரின் கழுத்தில் பாய்ந்தது. உயிர் பிழைத்தார். பேச்சு பழையபடி வரவில்லை, நாக்கு குழறியது. வேறு யாரையாவது வைத்து டப்பிங் பேசவிடலாம் என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. அவர் சம்மதிக்கவில்லை. அந்த ஆண்டே வந்த ‘காவல்கார’னில் குண்டுக்கு முந்திய குரலும் பிந்திய குரலும் ஒரே படத்தில் மாறிமாறிக் கேட்கும். பாட்டுக்கு இரவல் குரலை ஏற்றுக்கொண்டவர், பேச்சுக்கு உடைந்த சொந்தக் குரலே போதும் என்றார். ஜனங்களும் போதும் என்றார்கள். அதற்குப் பிறகுதான் அவருடைய மிகப் பெரிய வெற்றிகள் பல வந்தன. குரல் பழுதானால் கவர்ச்சி போய்விடும் என்ற கணக்கு அந்த ஆண்டே பொய்த்தது.

பாட்டில் கைமாறுதல் இரண்டு ஆண்டு கழித்து நடந்தது. 1969 மே மாதம் வந்த ‘அடிமைப்பெண்’ படத்தில் கே.வி. மகாதேவன் இசையில் ‘ஆயிரம் நிலவே வா’. பாடியவர் எஸ்.பி. பாலசுப்ரமணியம். வயது இருபத்திரண்டு. தேர்வான பிறகு அவருக்கு டைபாய்டு வந்து படுத்துவிட்டார். வேறொருவரைப் பாட வைத்திருக்கலாம். அவர் தேறி வரும்வரை எம்.ஜி.ஆர் காத்திருந்தார். எம்.ஜி.ஆருக்குப் பாடப்போவதாகப் பையன் நண்பர்களிடம் சொல்லியிருப்பான், ஏமாற்றக் கூடாது என்று அவர் நினைத்ததாக எஸ்.பி.பி பல மேடைகளில் நெகிழ்ந்து சொல்லியிருக்கிறார். இந்தச் செய்தியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அந்தப் பாட்டில் எஸ்.பி.பி துளிகூட டி.எம்.எஸ்ஸாக முயலவில்லை என்பது. குரல் இளசாக இருந்தது, சற்றுக் கூச்சத்தோடு இருந்தது. அந்தக் கூச்சம் காதல் பாட்டுக்குப் புதுசு. ஐம்பதைக் கடந்த கதாநாயகனின் முகத்துக்கு அது ஒரு வாலிபத்தைக் கொண்டு வந்தது.

பிறகு 1973 மே 11. தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டரில் ‘உலகம் சுற்றும் வாலிபன்’. கட்சியிலிருந்து நீக்கப்பட்டு, 1972 அக்டோபரில் புதுக் கட்சி தொடங்கி, எதிர்ப்புகளுக்கு நடுவே எம்.ஜி.ஆர் வெளியிட்ட படம். எம்.எஸ். விஸ்வநாதன் இசை. தலைப்புப் பாட்டை சீர்காழி பாடுகிறார். உள்ளே எம்.ஜி.ஆருக்கு டி.எம்.எஸ் பாடுகிறார், எஸ்.பி.பி பாடுகிறார், கே.ஜே. ஜேசுதாஸ் பாடுகிறார். ஒரே வாய், மூன்று தொண்டை. நூற்றி ஐம்பது நாளைத் தாண்டி அங்கே ஓடியது. குரல் மாறுகிறதே என்று யாரும் எழுந்து போகவில்லை. பாகவதர் காலத்தில் இதை நினைத்தே பார்த்திருக்க முடியாது.

அப்படியானால் யார் பாடினாலும் ஒன்றுதானா? இல்லை. இங்கேதான் ரசிகர்களின் காது மிக நுட்பமானது. 1974இல் வந்த ‘நேற்று இன்று நாளை’யைப் பாருங்கள். தென்றலாகிப் பாடும் காதல் பாட்டு எஸ்.பி.பி.க்கு. தம்பியைக் கூப்பிட்டு நாட்டு நடப்பைச் சொல்லும் பாட்டு டி.எம்.எஸ்ஸுக்கு. காதல் கைமாறிவிட்டது. கொள்கைப் பாட்டு பெரும்பாலும் மாறவில்லை. ‘பல்லாண்டு வாழ்க’வில் ஜேசுதாஸ் பாடிய பிரார்த்தனைப் பாட்டு விதிவிலக்கு. அது கோயில் மணி மாதிரி வேறு வகை. தெருமுனையில் கைநீட்டிப் பேசுகிற பாட்டு டி.எம்.எஸ்ஸிடமே தங்கியது. காதல் என்பது அந்தப் படத்துக்கு அந்தக் கதாநாயகனின் உணர்ச்சி, அதற்குப் புதுக்குரல் அழகு. கொள்கைப் பாட்டோ ‘படகோட்டி’யிலும் ‘எங்க வீட்டுப் பிள்ளை’யிலும் கொடுத்த வாக்கு. வாக்கைக் கொடுத்த குரலே வந்து அதைப் புதுப்பிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் நியாயம் இருக்கிறது.

மேற்கே நடந்ததையும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆஸ்திரேலியாவின் ஏசி/டிசி குழுவில் பான் ஸ்காட் 1980 பிப்ரவரியில் இறந்தார். சில மாதத்தில் பிரையன் ஜான்சனை வைத்து அவர்கள் வெளியிட்ட ‘பேக் இன் பிளாக்’ உலகில் மிக அதிகம் விற்ற இசைத் தொகுப்புகளில் ஒன்று. ஜான்சன், ஸ்காட் மாதிரிப் பாடவில்லை. அமெரிக்காவின் ஜர்னி குழு 2007இல் வேறு வழியில் போனது. சிறுவயதில் மணிலா தெருக்களில் படுத்துத் தூங்கிய ஆர்னல் பினேடா, பழைய பாடகர் ஸ்டீவ் பெர்ரி போலவே பாடுவதை இணையத்தில் கேட்டு அழைத்துக்கொண்டார்கள். அரங்கங்கள் நிரம்பின. ஆனால் கூட்டம் கேட்பது பெர்ரி காலத்துப் பாட்டுகளைத்தான். அச்சாகப் பாடுகிறவர் பழைய பாட்டைக் காப்பாற்றுவார், புதுப் பாட்டு பிறக்க அச்சில் வராத ஒருவர் வேண்டும் என்று இந்த இரண்டிலிருந்தும் எடுத்துக்கொள்கிறேன். எஸ்.பி.பி ஜான்சன் வழி வந்தவர்.

பினேடா வழி வந்தவர்களும் நம்மிடம் உண்டு, அவர்களைக் குறைத்துச் சொல்ல மனம் வரவில்லை. எண்பதுகளில் கேசட் வந்தது. பர்மா பஜாரில் டேப் ரெக்கார்டர் வாங்கி வந்து, ரெக்கார்டிங் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்தால் ‘எம்.ஜி.ஆர் தத்துவம்’ ஒரு பக்கம், ‘எம்.ஜி.ஆர் காதல்’ ஒரு பக்கம் என்று பதிந்து தருவார்கள். வடசென்னைக் கோயில் திருவிழா மெல்லிசைக் கச்சேரிகளில் ‘டி.எம்.எஸ் வாய்ஸ்’ என்று ஒருவர் கட்டாயம் இருந்தார். அவருடைய வேலை புதுசாகப் பாடுவது இல்லை. பிளேட்டில் கேட்ட மூச்சு எந்த இடத்தில் விழுமோ அதே இடத்தில் விட வேண்டும். எதிரே உட்கார்ந்திருக்கும் துறைமுகத் தொழிலாளிக்கு ஒவ்வொரு சங்கதியும் மனப்பாடம். பிசகினால் அங்கேயே சத்தம் வரும். பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு ராத்திரி பாடப் போன இப்படிப்பட்டவர்கள் பெயர் தெரியாமலே போனார்கள். எம்.ஜி.ஆர் 1987இல் போனார், டி.எம்.எஸ் 2013இல், எஸ்.பி.பி 2020இல். அகஸ்தியா தியேட்டரும் 2020இல் மூடப்பட்டது. அந்தப் பாட்டுகளை நேரில், ஒரு மனிதத் தொண்டையிலிருந்து கேட்க இன்று மிச்சமிருக்கும் வழி இந்த மேடைப் பாடகர்கள்தான்.

இப்போது குரலுக்கு மனிதத் தொண்டையே வேண்டியதில்லை. 2024இல் வந்த ‘லால் சலாம்’ படத்தில் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கி, குடும்பத்தாரின் சம்மதத்தோடு ஏ.ஆர். ரகுமான் பயன்படுத்தினார். அதே ஆண்டு ‘கோட்’ படத்தில் மறைந்த பவதாரிணியின் குரல் வந்தது. பிரிந்தவரின் குரலை ஒருமுறை கேட்க ஏங்குவதை நான் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த இயந்திரம் 1969இல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசிக்கிறேன். ‘மலைக்கள்ளன்’ காலத்து டி.எம்.எஸ் குரலை வயதே ஆகாமல் நிறுத்திவைத்திருப்பார்கள். டைபாய்டில் படுத்திருந்த பையனுக்காக யாரும் காத்திருக்கத் தேவையிருந்திருக்காது.

எங்கள் பக்கத்துக் கச்சேரிகளில் எம்.ஜி.ஆர் வேடமிட்டு ஆடுகிறவர் ஒருவர், அவருக்குப் பாட இரண்டு பேர். தத்துவத்துக்கு ஒருவர், காதலுக்கு ஒருவர். காசு குறைவான கமிட்டி ஒரே ஆளை இரண்டையும் பாடச் சொல்லும். அப்படிப் பாடுகிறவரிடம் எது கஷ்டம் என்று கேட்டிருக்கிறேன். உச்ச ஸ்தாயியைச் சொல்வார் என்று நினைத்தேன். எஸ்.பி.பி பாட்டை முடித்த கையோடு டி.எம்.எஸ்ஸுக்குப் போவதுதான் கஷ்டம் என்றார். நடுவில் ஒரு பெண் குரல் பாட்டு வைத்துக் கொடுத்தால் தண்ணீர் குடித்துவிட்டு மாறிக்கொள்வாராம்.