மாணாக்கர் நினைவில் வாழும் பேராசிரியர்கள்

ஒரு கல்லூரியின் வரலாற்றை அறிய விரும்புவோர்க்கு ஆண்டறிக்கைகளும் பதிவேடுகளும் ஓரளவே துணைசெய்யும். ஒரு பேராசிரியர் எந்நாளில் பணியேற்றார், எந்நாளில் ஓய்வுபெற்றார் என்பனவற்றை அவை காட்டும். அவர் பாடம் சொன்ன முறையையும், அது கேட்டார் உள்ளத்தில் விளைத்த மாற்றத்தையும் அவை காட்டா. அவற்றுக்கு மாணாக்கர் எழுதிவைத்த நினைவுகளே சான்று. தமிழ்க் கல்வி வரலாற்றில் இச்சான்று பெறும் இடத்தை ஆராய்ந்து, அதனால் நம் மலைப்பகுதியினர்க்கு உண்டாகும் கடமையைச் சுட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குடந்தைக் கல்லூரி

கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக விளங்கியவர் பூவாளூர் வித்துவான் தியாகராச செட்டியார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கருள் மூத்தவர். 1880ஆம் ஆண்டு ஓய்வுபெற விழைந்தபோது, தமக்குப்பின் அவ்விடத்திற்குத் தக்கவர் யார் என்பதே அவர் கவலையாயிற்று. திருவாவடுதுறை ஆதீனத்தில் இருந்த உ.வே. சாமிநாதையரை அவர் தேர்ந்தெடுத்தார். இருவரும் மகாவித்துவானிடம் வெவ்வேறு காலத்துப் பயின்ற ஒருசாலை மாணாக்கர்கள். ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகருக்குச் சாமிநாதையரைப் பிரிய மனமில்லை. தேசிகரை இசைவித்தவரும், கல்லூரித் தலைவர் கோபால ராவிடம் பரிந்துரைத்தவரும் செட்டியாரே. அவ்வாண்டு பிப்ரவரியில் சாமிநாதையர் பணியேற்றார்.

இந்நிகழ்ச்சியைக் கல்லூரிப் பதிவேடு பதிவு செய்திருப்பின், ஒருவர் விலகினார், மற்றொருவர் சேர்ந்தார் என்று ஒருவரியில் முடித்திருக்கும். ஒரு பதவியை விட்டு நீங்குபவர் அதனைத் தகுதியுடைய இளைஞர் ஒருவர்க்குப் பெற்றுத்தர எத்துணை முயன்றார் என்பதை நாம் அறிவது, நன்றி மறவாத சாமிநாதையர் அதனை எழுதிவைத்தமையால்தான்.

அதே ஆண்டில் கும்பகோணத்திற்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டோ என்று வினவியதும், 1887இல் சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்ததும் யாவரும் அறிந்தன. ஈண்டு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. மகாவித்துவானிடம் ஐயர் பெரிதும் பயின்றவை அந்தாதிகளும் பிள்ளைத்தமிழ்களும் புராணங்களுமே. ஆசிரியர் காட்டாத பெருவழியில் மாணாக்கர் சென்றார். ஆயினும் அவ்வழியில் நடக்கும் வலிமையைத் தந்தவர் ஆசிரியரே என்பதை அவர் மறந்தாரல்லர். தம் எழுபதுகளின் இறுதியில், 1933, 1934ஆம் ஆண்டுகளில், மகாவித்துவானின் வரலாற்றை இரண்டு பகுதிகளாக எழுதி வெளியிட்டார். செட்டியாரின் வரலாற்றையும் தனிநூலாக எழுதினார்.

சிதம்பரம்

பழைய தென்னார்க்காடு மாவட்டத்தினராகிய நமக்கு அணித்தாக இருந்த பல்கலைக்கழகம் 1929இல் நிறுவப்பெற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகம். அதன் முதல் தமிழ்ப் பேராசிரியர் ஈழத்துத் துறவியாகிய விபுலானந்த அடிகள்; அறிவியல் பட்டம் பெற்றவர். அவரை அடுத்து 1933இல் அப்பொறுப்பை ஏற்ற நாவலர் சோமசுந்தர பாரதியார் வழக்கறிஞராகப் புகழ்பெற்றவர். துறை எல்லைகளைத் தாண்டி வந்த இவர்கள் மாணாக்கரையும் அவ்வாறே நோக்கினர். இயற்பியல் பயிலச் சேர்ந்த அ.ச. ஞானசம்பந்தனிடம் தமிழாற்றலைக் கண்டு, அவரைத் தமிழ் பயில ஆற்றுப்படுத்தியவர் பாரதியார். அம்மாணாக்கர் பின்னர்க் கம்பனைப் பற்றிப் பெருநூல்கள் இயற்றி, 1985இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார்; 'நான் கண்ட பெரியவர்கள்' என்ற நூலையும் தந்தார். கல்லூரி வாழ்வில் ஒரு மாணவனின் பாடம் மாறியது மிகச் சிறிய செய்தி. அதன் விளைவோ கம்பன் ஆய்வில் ஒரு புதிய நோக்காயிற்று.

உரையாசிரியரும் புதுக்கவிஞரும்

கவிஞர்கள் மிக்க நம் வட்டத்தினர் மகிழத்தக்க சான்று மதுரையில் உள்ளது. திண்டிவனத்தை அடுத்த ஔவையார்குப்பத்தில் 1902இல் பிறந்தவர் ஔவை சு. துரைசாமிப்பிள்ளை. நம் மண்ணுக்குரியவர் என்று நாம் உரிமை பாராட்டலாம். பள்ளியாசிரியராகத் தொடங்கி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் மதுரைத் தியாகராசர் கல்லூரியிலும் பணிபுரிந்தார். புறநானூற்றுக்கும் பதிற்றுப்பத்துக்கும் ஐங்குறுநூற்றுக்கும் நற்றிணைக்கும் அவர் எழுதிய உரைகள் அறிஞர் போற்றுவன.

இத்தகைய பழந்தமிழ்ப் புலமை நிறைந்திருந்த தியாகராசர் கல்லூரியிலிருந்தே அப்துல் ரகுமான், மீரா, நா. காமராசன் ஆகியோர் வெளிவந்தனர். சங்கச் செய்யுளுக்குச் சொற்பொருள் கேட்டு வளர்ந்தோர் யாப்பின் கட்டை அவிழ்த்துப் புதுக்கவிதை படைத்தது முரண்போலத் தோன்றலாம். சொல்லின் எடையை அறிந்தவர்க்கே அதனைச் சுருக்கமாகக் கையாளும் துணிவு வரும் என்பது என் கருத்து. பேராசிரியரின் தாக்கத்தை, மாணாக்கர் அவரைப் போலவே எழுதுகின்றாரா என்று பார்த்து அளத்தல் பொருந்தாது. ஆசிரியர் செய்யாததை மாணாக்கர் செய்யும்போதும் அத்தாக்கம் தொழிற்படுகின்றது. குடந்தையும் சிதம்பரமும் மதுரையும் உணர்த்துவது இதுவே.

நினைவின் குறையும் நிறையும்

இந்நினைவுகளை அப்படியே வரலாறாகக் கொள்ளுதல் தகாது. அன்பு மிகுதியால் புகழ்ச்சி மிகும்; ஆண்டுகள் முன்பின்னாகும்; வகுப்பறையில் புறக்கணிக்கப்பட்ட மாணவனின் குரல் பெரும்பாலும் ஏறுவதில்லை. புகழ்பெற்ற மாணாக்கரைப் பெற்ற ஆசிரியரே எழுத்தில் நிலைக்கின்றனர். பெண் பேராசிரியர்களைப் பற்றிய நினைவுநூல்கள் அருகியே காணப்படுகின்றன. முதல் தலைமுறைப் பெண்கள் வீட்டாரின் தயக்கத்தைக் கடந்து கல்லூரியை அடைந்தபோது, அவர்களுக்கு அரணாக நின்ற ஆசிரியைகள் பலர். அவர்களின் பெயர்கள் அம்மாணவியரின் வாய்மொழியோடு நின்றுவிடுகின்றன. பதிவேட்டோடு ஒப்பிட்டு இக்குறைகளை நீக்கிக்கொள்வது ஆய்வாளர் கடன். ஒப்பிடுவதற்கேனும் நினைவுகள் எழுதப்பட்டிருத்தல் வேண்டுமன்றோ?

நம் மலையின் கடமை

கல்வராயன் மலை நெடுங்காலம் ஜாகீர்தார்களின் ஆட்சிக்கு உட்பட்டிருந்து, 1976இல் அரசின் நேரடி நிருவாகத்திற்குள் வந்தது. வெள்ளிமலையிலிருந்து உயர்கல்வி நாடிய முதல் தலைமுறையினர் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி, மேலும் தொலைவிலுள்ள ஊர்களுக்குச் சென்று விடுதிகளில் தங்கிப் பயின்றனர். அவர்களுட் பலர் இன்று ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், அலுவலர்கள். மலையிலிருந்து வந்த மாணவனின் பேச்சுவழக்கை நகையாடாமல் செவிமடுத்த பேராசிரியர், தேர்வுக் கட்டணம் செலுத்திய பேராசிரியர், தம் நூல்களைக் கொடுத்துதவிய பேராசிரியர் என ஒவ்வொருவர் நினைவிலும் ஒருவர் இருப்பார். அப்பேராசிரியர்க்குச் சாமிநாதையரைப் போன்ற வரலாற்றாசிரியர் வாய்க்கவில்லை. அவரை அறிந்த மாணவர் மறையும்போது அவரும் இரண்டாம் முறை மறைகின்றார்.

2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. மாவட்டத்திற்கு ஒரு கல்வி வரலாறு எழுதப்படும் காலம் வரும். அன்று எழுதுவோர்க்கு அறிக்கைகள் கிடைக்கும். இந்நினைவுகள் கிடைக்குமா என்பது ஐயமே. பத்தாண்டு நிறைவுகாணும் நம் இலக்கிய வட்டம் அடுத்த ஆண்டிலேயே இப்பணியைத் தொடங்குதல் வேண்டும். மூத்தோர் ஒவ்வொருவரிடமும் சென்று, ஊர், கல்லூரி, பயின்ற ஆண்டு, ஆசிரியர் பெயர், அவர் சொல்லியவற்றுள் இன்றும் நினைவில் நிற்பது ஆகியவற்றைக் கேட்டெழுதுக. எழுத இயலாதோர் சொல்வதை ஒலிப்பதிவு செய்க. அழகுபடுத்தாமல் அவர்தம் மலைவழக்கிலேயே அது அமையட்டும். அடுத்த மலர் அத்தொகுப்பாகவே வெளிவருமாயின், வட்டத்தின் பத்தாண்டு உழைப்புக்கு அது தக்க பயனாகும்.