நெல்மணியில் மாப்பொருள்: நெகிரி செம்பிலான் வரலாறு

நெல் முற்றும்போது மணிக்குள் சர்க்கரை மாப்பொருளாகத் திரள்கிறது. அதைச் சுற்றித் தவிட்டு அடுக்கு அமைகிறது. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் உண்டால் என்ன நேரும் என்பதை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் கண்டறியப்பட்டது.

மணி முற்றுதல்

பூத்த சில நாளில் கதிர் பால் பிடிக்கும். பச்சை மணியை நகத்தால் நசுக்கினால் வெண்பால் கசியும். இலையில் உருவான சுக்ரோஸ் மணிக்கு வந்து சிறு சர்க்கரைகளாகப் பிரிந்து, பிறகு அமைலோஸ், அமைலோபெக்டின் என்னும் இருவகை மாப்பொருளாகக் கோக்கப்படுகிறது. மாப்பொருள் ஏற ஏறச் சர்க்கரை குறைந்து பால் இறுகுகிறது. வெப்பநாடுகளில் சுமார் 30 நாளில் மணி முற்றிவிடும். அமைலோஸ் அறவே குறைந்த மணியே லெமாங் என்னும் உணவைச் செய்ய உதவும் புலுட் எனப்படும் ஒட்டரிசி. முற்றிய மணியில் மாப்பொருள் நிறைந்த செல்கள் இறந்துவிடுகின்றன. தவிட்டு அடுக்கும் முளையும் உயிரோடிருக்கின்றன. தயமின் என்னும் வைட்டமின் பி1 பெரும்பாலும் இவற்றில்தான் தங்குகிறது.

பெரிபெரி ஆய்வு

அக்காலத்தில் ஆலையில் தீட்டிய, தவிடு நீங்கிய பச்சரிசியை உண்ட ஈயச் சுரங்கச் சீனத் தொழிலாளர் பலர் கால் மரத்து, உடல் வீங்கி, பெரிபெரியால் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தோட்டத் தொழிலாளரிடம் அந்நோய் அரிது. நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த வில்லியம் லெனார்ட் பிராடன் இந்த வேறுபாட்டை 1907இல் நூலாக வெளியிட்டார். பழைய அரிசியில் சேரும் நஞ்சே காரணம் என அவர் கருதினார்.

அதே ஆண்டு ஜெலுபு வட்டார டுரியான் திப்புஸில் ஆய்வாளர்களான ஹென்றி ஃபிரேசரும் ஏ. டி. ஸ்டாண்டனும் ஜாவாத் தொழிலாளரை இரு குழுவாக்கி, ஒன்றுக்குத் தீட்டிய பச்சரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் அளித்தனர். பச்சரிசிக் குழுவில் நோய் தோன்றியது. அரிசியை மாற்றிக் கொடுத்ததும் நோயும் இடம் மாறியது. தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் ஏதோ ஒரு சத்தின் குறையே காரணம் என அவர்கள் பின்னர் நிறுவினர். 1926இல் பத்தேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) யான்சன், டோனாத் என்னும் ஆய்வாளர் இருவரும் அந்தச் சத்தான தயமினைப் படிகமாகப் பிரித்தெடுத்தனர்.

புழுக்குதலின் பயன்

ஊறவைத்த நெல்லை உமி வாய் பிளக்கும்வரை அவிக்கும்போது மாப்பொருள் கூழாகி இறுகுகிறது. தவிட்டிலுள்ள தயமினில் ஒரு பகுதி உள்ளே ஊறிவிடுவதால், தீட்டிய பிறகும் அது எஞ்சுகிறது. நோயின் காரணம் தெரியாத காலத்திலேயே தோட்டத் தமிழரைக் காத்தது, நெல் புழுக்கும் இந்த வழக்கமே. மருத்துவ வரலாற்றில் ஆய்வாளர் பெயர்களுக்கு அருகே அதற்கும் இடம் உண்டு.