தீர்ப்பு முந்தி, சான்று பிந்தி: கொலை வழக்குகளில் ஊர்ச் சந்தேகம் செயல்படும் விதம்

கொலை வழக்குகளில் நிரபராதிகள் தண்டிக்கப்படுவதைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் நீதிபதியிடமிருந்தே தொடங்குகிறார்கள். செய்தித்தாள்கள் கூச்சலிடுகின்றன, தெருவில் கூட்டம் கூடுகிறது, நீதிபதியின் மனமோ ஜூரியின் மனமோ அசைகிறது, தீர்ப்பு பிழைபடுகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். நீதிமன்ற அவமதிப்புச் சட்டமும், நிலுவையில் உள்ள வழக்கைப் பற்றிப் பேசக்கூடாது என்ற கட்டுப்பாடும், ஜூரிகளை வெளியுலகத் தொடர்பின்றி வைக்கும் வழக்கமும் இந்த விளக்கத்தின்மேல் எழுந்தவை. இதில் உண்மை உண்டு; ஆனால் போதாது. ஊரின் அவசரம் நீதிமன்ற வாசலை மிதிப்பதற்கு நெடுநாள் முன்பே காவல் நிலையத்துக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் போய்விடுகிறது. எந்தக் கறையைச் சோதிப்பது, எந்தச் சாட்சியைத் திரும்ப விசாரிப்பது, எந்தக் காகிதத்தைக் கோப்பின் அடியில் தள்ளுவது என்பதை அங்கேயே அது முடிவு செய்துவிடுகிறது. நீதிபதியின் மேசைக்கு வந்து சேரும்போது அது வதந்தியின் உருவில் இருப்பதில்லை. முத்திரையிட்ட ஆய்வறிக்கையாக இருக்கிறது. ஆகவே நீதிபதியின் காதைப் பொத்துவதால் மட்டும் தீராத நோய் இது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதற்கு மிகத் தெளிவான சான்று ஆஸ்திரேலியாவின் சேம்பர்லேன் வழக்கு. 1980 ஆகஸ்ட் 17 இரவு, அந்நாட்டின் நடுப்பகுதியில் உள்ள உலுரு பாறையின் அருகே கூடாரமடித்துத் தங்கியிருந்த லிண்டி சேம்பர்லேன், தன் ஒன்பது வாரக் குழந்தை அசாரியாவை டிங்கோ என்னும் காட்டுநாய் கூடாரத்திலிருந்து தூக்கிச் சென்றுவிட்டதாகக் கதறினார். அன்றிரவே நூற்றுக்கணக்கானோர் தேடினார்கள். ஒரு வாரம் கழித்துக் குழந்தையின் உடைகள் சில கிடைத்தன. உடல் கிடைக்கவே இல்லை. 1981 பிப்ரவரியில் மரண விசாரணை அதிகாரி டெனிஸ் பாரிட், தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பப்பட்ட தம் முடிவில், குழந்தையை டிங்கோவே கொன்றது என்றார். பெற்றோரை வதந்திகளிலிருந்து விடுவிக்கவே அந்த ஒளிபரப்பை அனுமதித்தார். வழக்கு அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. ஏனெனில் ஊருக்கு அந்தத் தாயைப் பிடிக்கவில்லை. கேமரா முன் அவர் அழவில்லை. உடைகளை டிங்கோ எப்படிக் கிழித்திருக்கும் என்பதைக்கூட நிதானமாக விளக்கினார். தந்தை மைக்கேல், பெரும்பாலோர் அறியாத செவந்த்-டே அட்வென்டிஸ்ட் சபையின் போதகர். குழந்தைக்குக் கறுப்பு உடை அணிவித்தது ஏன் என்று கேட்டார்கள். அசாரியா என்ற பெயருக்கே ‘பாலைவனப் பலி’ என்று பொருள் என ஒருவர் சொல்ல, பத்துப் பேர் அதைப் பரப்பினார்கள். அது முழுப் பொய். பிள்ளையைப் பறிகொடுத்தவள் மார்பில் அடித்துக்கொண்டு அழாவிட்டால் எழவு வீட்டில் என்ன பேசுவார்கள் என்பது நமக்குத் தெரியாததன்று. துக்கத்துக்கும் ஒரு முறை வைத்திருக்கிறோம். அதை மீறியவளை மன்னிப்பதில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது அடுத்து நடந்தது. அந்தச் சந்தேகம் வெறும் பேச்சாக நின்றுவிடவில்லை. அறிவியலைத் தேடிப் போனது. உடைகள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அங்கே உடற்கூறு நிபுணர் ஜேம்ஸ் கேமரன், துணி கத்தரிக்கோலால் வெட்டப்பட்டது என்றும் அதில் இரத்தம் தோய்ந்த கைத்தடம் தெரிகிறது என்றும் கூறினார். 1972-ல் லண்டனில் நடந்த கான்ஃபெய்ட் கொலை வழக்கிலும் இவரே நிபுணர் என்பதை இங்கே நினைவூட்டலாம். அதில் மூன்று இளைஞர்கள் பெற்ற தண்டனை 1975-ல் ரத்தானது. அசாரியாவின் முதல் மரண விசாரணையின் முடிவு ரத்து செய்யப்பட்டு, இரண்டாம் விசாரணை நடந்து, 1982 செப்டம்பரில் டார்வின் நகரில் ஜூரியின் முன் வழக்குத் தொடங்கியது. காரின் முன்னிருக்கையில் வைத்துத் தாய் குழந்தையின் கழுத்தை அறுத்தார் என்றது அரசுத் தரப்பு. உடல் இல்லை, ஆயுதம் இல்லை, நோக்கமும் இல்லை. கொலையையும் அதை மறைப்பதையும் செய்து முடித்திருக்க வேண்டிய நேரமோ சில நிமிடங்கள். வழக்கைத் தாங்கி நின்றது தடயவியல் நிபுணர் ஜாய் கூல் அளித்த சாட்சியம்: காரில் இருந்த கறைகளில் பச்சிளங்குழந்தைக்கே உரிய ஈமோகுளோபின் இருக்கிறது என்றார் அவர். சோதனைத் தட்டுகளைப் பார்க்க எதிர்த்தரப்பு விரும்பியபோது, ஆய்வுக்கூட வழக்கப்படி அவை அழிக்கப்பட்டுவிட்டது தெரிந்தது. 1982 அக்டோபர் 29 அன்று லிண்டிக்கு ஆயுள் தண்டனை. அப்போது அவர் நிறைமாதக் கர்ப்பிணி.

பிற்பாடு தெரிந்தது இது: காரின் அடிப்பகுதியில் பீய்ச்சியடித்தது போல் இருந்த ‘இரத்தம்’, உற்பத்தியின்போது ஓசையைத் தடுக்கப் பூசப்படும் ஒரு கலவை. அவர்கள் வாழ்ந்த மவுண்ட் ஐசா செம்புச் சுரங்க ஊர். செம்புத் தூசியே இரத்தத்துக்கான முதற்கட்டச் சோதனையில் ஏமாற்றும் விளைவைத் தரக்கூடியது. ஆய்வுக்கூடத்தில் யாரும் பொய் சொல்லவில்லை என்றே நான் கருதுகிறேன். காரில் கொலை நடந்தது என்ற எண்ணத்தோடு காரைத் திறந்தவர்களுக்கு ஒவ்வொரு புள்ளியும் இரத்தமாகத் தெரிந்தது. பொய்ச்சாட்சியைக் குறுக்கு விசாரணையில் உடைக்கலாம்; உண்மையாகவே நம்பித் தவறு செய்யும் நிபுணரை எப்படி உடைப்பது? எதிர்த்தரப்பும் நிபுணர்களை நிறுத்தத்தான் செய்தது. ஆனால் இரு தரப்பு அறிவியலுக்கிடையே ஜூரி தேர்ந்தெடுத்தது, ஊர் ஏற்கெனவே தேர்ந்திருந்ததை. நீதிபதி ஜேம்ஸ் மியூர்ஹெட் ஜூரிக்கு அளித்த விளக்கவுரை விடுதலையின் பக்கமே சாய்ந்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நீதிபதியின் மனம் கலங்கவில்லை, தண்டனை நின்றது.

மறுபக்கம், எது சான்றாகவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். அதே இடத்தில் இரண்டு மாதங்களுக்கு முன்பு ஒரு டிங்கோ சிறுமி ஒருத்தியைக் காரிலிருந்து இழுத்திருந்தது. டிங்கோக்கள் துணிச்சல் பெற்றுவிட்டன என்று தலைமை வனக்காவலர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். குழந்தை இறந்துவிட்டதாக அரசுத் தரப்பு சொன்ன நேரத்துக்குப் பிறகும் அதன் அழுகுரலைக் கேட்டதாக உடன் தங்கியிருந்த பெண் ஒருவர் சாட்சி சொன்னார். மண்ணைப் படிக்கத் தெரிந்த ஆனங்கு பழங்குடியினர், பாரம் சுமந்து சென்ற டிங்கோவின் தடத்தை அன்றிரவே கண்டு சொன்னார்கள். லண்டனின் கைத்தடத்துக்குக் கிடைத்த எடை உலுருவின் கால்தடத்துக்குக் கிடைக்கவில்லை. குழந்தை அணிந்திருந்ததாகத் தாய் திரும்பத் திரும்பச் சொன்ன மேற்சட்டை அவர் கட்டிய கதை என்றே கருதப்பட்டது.

1986 பிப்ரவரி தொடக்கத்தில், பாறையிலிருந்து விழுந்து இறந்த ஒரு சுற்றுலாப் பயணியைத் தேடியபோது அந்த மேற்சட்டை டிங்கோ வளைகளின் அருகே கிடைத்தது. சில நாட்களில் லிண்டி விடுவிக்கப்பட்டார். மோர்லிங் விசாரணை ஆணையம் 1987-ல் அறிவியல் சான்றுகளைத் தகர்த்தது. பழங்குடித் தடம் காண்போரின் சொல்லுக்கு உரிய மதிப்பும் அங்கேதான் கிடைத்தது. 1988 செப்டம்பர் 15 அன்று தண்டனை ரத்தானது. 2001-ல் ஃப்ரேசர் தீவில் ஒன்பது வயதுச் சிறுவன் டிங்கோக்களால் கொல்லப்பட்ட பின்னரே, டிங்கோ மனிதரைக் கொல்லாது என்ற நம்பிக்கை பலரிடம் தளர்ந்தது. 2012 ஜூனில் நான்காம் மரண விசாரணை, டிங்கோவே காரணம் என்று பதிவு செய்தது. முதல் அதிகாரி 1981-ல் சொன்னதன் சாரத்துக்குத் திரும்பி வர 31 ஆண்டுகள்.

இதை வெள்ளையர் நாட்டு விநோதம் என்று ஒதுக்க முடியாது. 2003 ஜூனில் மகாராஷ்டிராவில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து பேர் கொல்லப்பட்டனர். கொடூரமான வழக்கு, பாலியல் வன்முறையும் சேர்ந்தது. நாடோடிப் பழங்குடியைச் சேர்ந்த ஆறு ஏழைத் தொழிலாளர்கள் பிடிபட்டனர். விசாரணை நீதிமன்றம் ஆறு பேருக்கும் மரண தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றம் மூவருக்கு அதை ஆயுளாகக் குறைத்தது. 2009-ல் உச்ச நீதிமன்றம் மீண்டும் ஆறு பேருக்கும் தூக்கு என்றது. அதே உச்ச நீதிமன்றம் வழக்கைத் திரும்ப எடுத்து 2019 மார்ச் 5 அன்று ஆறு பேரையும் நிரபராதிகள் என விடுவித்தது. கோப்பிலேயே இருந்த ஓர் உண்மை அப்போதுதான் எடை பெற்றது: உயிர் தப்பிய பெண், சம்பவம் நடந்த சில நாட்களுக்குள், காவல் துறையின் புகைப்படத் தொகுப்பிலிருந்து வேறு நால்வரை அடையாளம் காட்டியிருந்தார். அந்த நால்வரை யாரும் விசாரிக்கவில்லை. பெருங்குற்றங்களில் அப்பாவிகளைச் சிக்கவைப்பது நடக்கக்கூடியதே என்றும், நாடோடிகளான இந்த ஏழைகள் விஷயத்தில் அதை மறுக்க முடியாது என்றும் நீதிமன்றமே குறிப்பிட்டது. நபருக்கு ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. சிறையில் கழிந்தவை ஏறத்தாழ 16 ஆண்டுகள்.

இந்தியாவில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. 1983-ஆம் ஆண்டின் மச்சி சிங் தீர்ப்பு முதல், சமூகத்தின் கூட்டு மனச்சாட்சி அதிர்ந்தால் மரண தண்டனை பொருந்தும் என்ற வாதம் தீர்ப்புகளில் திரும்பத் திரும்ப வருகிறது. வெளியே வைக்கவேண்டிய கூட்டத்தை நாற்காலி போட்டு உள்ளே உட்காரவைத்த கோட்பாடு இது என்பேன். அதிர்ச்சி குற்றத்தின் அளவைக் காட்டலாம். குற்றவாளி யார் என்பதைக் காட்டாது. நடைமுறையிலோ இரண்டும் கலந்துவிடுகின்றன. குற்றம் கொடியதாக ஆக ஆக, ஐயத்தின் பலனைக் குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தரக் கை தயங்குகிறது.

வழக்கறிஞர்களும் இந்த அவசரத்துக்கு வெளியே இல்லை. இன்ன வழக்கில் யாரும் ஆஜராகக்கூடாது என்று வழக்கறிஞர் சங்கங்கள் தீர்மானம் போடுவது இன்றும் நடக்கிறது. கோயம்புத்தூரில் வழக்கறிஞர்களுக்கும் காவலர்களுக்கும் மூண்ட மோதலிலிருந்து எழுந்த வழக்கில், 2010-லேயே இத்தகைய தீர்மானங்கள் செல்லாதவை, அரசமைப்புக்கு விரோதமானவை என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஒரு குற்றவாளிக்கு உதவுவதா என்று இதைப் பார்ப்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: ஆய்வுக்கூடத் தட்டு எங்கே என்று கேட்க இந்த அமைப்பில் ஒருவர்தான் இருக்கிறார், அவர் எதிர்த்தரப்பு வழக்கறிஞர். 2019 டிசம்பர் 6 அன்று ஹைதராபாத் அருகே நான்கு சந்தேக நபர்கள் காவல் துறையால் சுட்டுக் கொல்லப்பட்டபோது அந்தக் கேள்விக்கே இடமில்லாமல் போயிற்று. மக்கள் காவலர்கள் மீது பூத்தூவினார்கள். கொல்லும் நோக்கத்தோடு சுட்டார்கள் என்று அச்சம்பவத்தை விசாரித்த சிர்பூர்க்கர் ஆணையம் பின்னர் கண்டது.

என் வாதத்துக்கு எதிராக ஒரு வழக்கை நானே முன்வைக்க வேண்டும். 1944 நவம்பர் 8 அன்று சென்னை வேப்பேரியில் குத்தப்பட்டு மறுநாள் இறந்த பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில், எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் ஆயுள் தண்டனை பெற்றார்கள். ஊர் அவர்களுக்கு எதிராக இல்லை. பாகவதர் சிறையில் இருக்க, அவருடைய ‘ஹரிதாஸ்’ படத்துக்குக் கூட்டம் குறையவே இல்லை. வதந்தியை விற்றுப் பிழைத்தவர் என்று பெயரெடுத்தவர் இறந்தவர்தான். ஆக, ஊர் நேசித்தாலும் பிழையான தண்டனை வரும். ஆனால் இவ்வழக்கு வேறொன்றைக் கற்பிக்கிறது. உயர் நீதிமன்ற ஜூரி தீர்ப்பின்மீதும் உண்மை நிலை குறித்து மேல்முறையீடு செய்ய 1943-ல்தான் சட்டம் வழிவிட்டிருந்தது. அந்த அதிகாரத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் குறுக்கிப் புரிந்துகொண்டது என்று கருதிய பிரிவி கவுன்சில், மேல்முறையீட்டை மீண்டும் கேட்கப் பணித்தது. மறுபடி சான்றுகளை அலசிய அமர்வு 1947 ஏப்ரலில் இருவரையும் விடுவித்தது. லிண்டியின் மேல்முறையீட்டை 1984-ல் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தள்ளிய ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம், ஜூரி கண்டதைக் கலைக்கத் தயங்கியது. சான்றைப் புதிதாகப் பார்க்கும் துணிவே இரு வழக்குகளையும் பிரிக்கிறது.

அப்படியானால் தீர்வுகளையும் இடம் மாற்ற வேண்டும். பத்திரிகைகளுக்குப் பூட்டுப் போடுவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. 1988-ல் லிண்டியை மீட்டதில் ஜான் பிரைசன் போன்ற எழுத்தாளர்களுக்கும் பங்கு உண்டு. காவல் துறையின் கீழ் இயங்காத ஆய்வுக்கூடங்கள் வேண்டும். மாதிரிகளும் ஆய்வுக் குறிப்புகளும் வழக்கு முடியும்வரை அழியாமல் இருக்க வேண்டும். எந்த முடிவை எதிர்பார்க்கிறார்கள் என்று தெரியாமலே நிபுணர் சோதனை செய்ய வேண்டும். காவல் துறை சேகரித்துவிட்டுப் பயன்படுத்தாமல் ஒதுக்கிய ஆவணங்களின் பட்டியல் எதிர்த்தரப்புக்குத் தரப்பட வேண்டும். 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உருவாக்கிய வரைவு விதிகளில் இது இடம்பெற்றுள்ளது. மகாராஷ்டிர வழக்கில் இது ஒன்று நடைமுறையில் இருந்திருந்தால், அந்த நான்கு புகைப்படங்களைப் பற்றி முதல் நீதிமன்றத்திலேயே கேள்வி எழுந்திருக்கும். உயர் நீதிமன்றங்கள் அவ்விதிகளை ஏட்டளவில் நிறுத்திவிடாமல் ஒவ்வொரு அமர்வு நீதிமன்றத்திலும் செயலுக்குக் கொண்டுவர வேண்டும்.

தண்டனை தவறென்று தெரிந்தபின் என்ன? ஆஸ்திரேலியாவில் 1992-ல் லிண்டிக்கும் மைக்கேலுக்கும் 13 லட்சம் டாலர் இழப்பீடு கிடைத்தது. தவறாகத் தண்டிக்கப்பட்டவருக்குச் சட்டப்படி இழப்பீடு தர வேண்டும் என்னும் சர்வதேச உடன்படிக்கையில் இந்தியா 1979-ல் இணைந்தது. தவறான வழக்குத் தொடுப்புக்கு நிவாரணம் தரத் தனிச் சட்ட ஏற்பாடு வேண்டும் என்று சட்ட ஆணையம் 2018 ஆகஸ்டில் தன் 277-ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது. 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அந்தப் பரிந்துரை சேரவில்லை. போதிய காரணமின்றிக் கைதானவருக்கு, கைது செய்யவைத்தவர் தரவேண்டிய இழப்பீட்டின் உச்ச வரம்பு மட்டும் பழைய சட்டத்தில் இருந்தபடியே இதிலும் இருக்கிறது: ஆயிரம் ரூபாய்.