குழாய் இல்லாத கழிவு: பிரேக் துகளும் எண்ணூர்க் கழிமுகமும்

நீர்மாசு பற்றிய நம் சட்டங்கள் முதலில் ஒரு குழாயைத் தேடுகின்றன. கழிவை வெளியேற்றும் வளாகம் எது, அதற்குப் பொறுப்பானவர் யார், கழிவு எங்கே போய் விழுகிறது என்பவை தெரிந்தால்தான் 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி மாசு கட்டுப்பாட்டு வாரியம் இசைவாணை தரவோ மறுக்கவோ முடியும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் தொழிற்சாலைகளுக்கும் மணலியின் சுத்திகரிப்பு ஆலைக்கும் வல்லூர் அனல்மின் நிலையத்துக்கும் இந்த அணுகுமுறை பொருந்தும். அது எவ்வளவு கண்டிப்பாக நடைமுறையாகிறது என்பது வேறு கேள்வி. ஆனால் இந்த ஆலைகளுக்கிடையே ஓடும் வண்டிகளின் பிரேக்கிலிருந்து உதிரும் துகளுக்குக் குழாயும் கிடையாது, வளாகமும் கிடையாது. இத்தகைய கழிவைச் சாலையோரத்தில் வழிமறிக்க முடியாது. பிரேக் பொருளின் கலவையிலேயே கட்டுப்படுத்த வேண்டும். அதற்கான சட்ட அதிகாரம் இந்தியாவில் ஏற்கெனவே இருக்கிறது. பயன்படுத்தப்படவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பிரேக் பேடும் லைனிங்கும் தேய்வதற்கென்றே செய்யப்படுபவை. பிசின், இழை, கிராஃபைட், பேரைட், உலோகத் தூள் எனப் பல பொருள்களைக் கலந்து, அழுத்தி, சூட்டில் இறுக வைத்து அவற்றை உருவாக்குகிறார்கள். அதில் செம்பு சேர்வதற்குத் தக்க காரணம் உண்டு. அது வெப்பத்தை விரைந்து கடத்துகிறது; டிஸ்க்கின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து உராய்வைச் சீராக வைக்கிறது; தொடர்ந்து அழுத்தும்போது பிடிப்பு தளராமல் காக்கிறது. டிஸ்க் பிரேக் திறந்த அமைப்பு என்பதால் தேய்ந்த தூள் சக்கரத்திலும் சாலையிலும் படிகிறது. டிரம் பிரேக்கில் பெரும்பகுதி உள்ளேயே தங்கி, லைனிங் மாற்றும் நாளில் பட்டறைக்காரர் டிரம்மைக் கழற்றி ஏர் அடிக்கும்போது ஒருசேர வெளியேறுகிறது. இந்தத் தூள் எண்ணூர்ப் பகுதியில் நீரைச் சேரும் வழியைப் பார்ப்போம். சென்னை–கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலை காரனோடையில் கொசஸ்தலை ஆற்றைக் கடக்கிறது. வண்டிகள் வேகம் குறைத்து நிற்கும் நல்லூர் சுங்கச்சாவடியும் அங்கிருந்து தொலைவில் இல்லை. காமராஜர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் கழிமுகத்தை ஒட்டிய சாலைகளில் நின்று நின்று நகர்கின்றன. வறண்ட மாதங்களில் சாலையில் சேர்ந்ததை ஐப்பசியின் முதல் கனமழைகள் வழித்தெடுத்து வடிகாலிலும் பக்கிங்காம் கால்வாயிலும் ஆற்றிலும் சேர்க்கின்றன. கடைசியில் அது எண்ணூர்க் கழிமுகத்தை அடைகிறது.

செம்பு மனிதருக்குச் சிறு அளவில் தேவையான சத்து. நீர்வாழ் உயிர்களுக்கோ மிகக் குறைந்த அளவிலேயே நஞ்சு. பாசியும், மட்டி, ஆளி போன்றவற்றின் இளம்பருவமும் அதற்கு எளிதில் பலியாகின்றன. மீன்களின் மோப்பத் திறனும் மங்குகிறது. கடல்நீரில் கரைந்த செம்புக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை நீண்டகால வரம்பாகப் பரிந்துரைப்பது லிட்டருக்கு 3.1 மைக்ரோகிராம். இந்தியச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொதுக் கழிவுநீர் வரம்போ லிட்டருக்கு 3 மில்லிகிராம். ஒன்று நீர்நிலைக்கான அளவு, மற்றது வெளியேறும் இடத்துக்கான அளவு. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடுவது முறையன்று. ஆனாலும், ஏறத்தாழ ஆயிரம் மடங்கான இந்த இடைவெளி, நம் விதிகள் நீர்த்துப்போதலை எவ்வளவு நம்பியிருக்கின்றன என்பதைக் காட்டுகிறது. கழிமுகத்தின் கரிமப் பொருள்கள் செம்பைப் பிணைத்து அதன் நஞ்சைத் தணிக்கும் என்பது உண்மை. ஆனால் பிணைந்த செம்பு அழிவதில்லை, சேற்றில் தங்குகிறது. அந்தச் சேற்றில் கைவிட்டுத்தான் இருளர்கள் இறால் தடவுகிறார்கள். அதே சேற்றைத்தான் துறைமுகத் தேவைக்காகத் தூர்வாரிக் கலக்குகிறோம்.

கலவையைக் கட்டுப்படுத்தும் வழி ஏட்டளவிலானதன்று. சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவைச் சுற்றியுள்ள நகராட்சிகள் தம் மழைநீர் வடிகாலில் செம்பின் அளவைக் குறைக்க வேண்டிய கட்டாயத்துக்கு உள்ளாயின. அதில் பெரும்பங்கு பிரேக்கிலிருந்து வருவதால், வடிகாலை எவ்வளவு கழுவினாலும் பயன் இல்லை என்பது தெரிந்தது. நகராட்சிகளும் சூழல் அமைப்புகளும் பிரேக் தயாரிப்பாளர்களும் 1996 முதல் கூடி ஆராய்ந்ததன் விளைவாக, 2010இல் கலிபோர்னியாவும் வாஷிங்டன் மாநிலமும் சட்டம் இயற்றின. கலிபோர்னியாவில் எடையில் செம்பு 2021 முதல் 5 விழுக்காட்டுக்கும், 2025 முதல் 0.5 விழுக்காட்டுக்கும் மிகக் கூடாது. ஈயம், பாதரசம், ஆறிணைதிறக் குரோமியம், ஆஸ்பெஸ்டாஸ் ஆகியவற்றுக்கு 0.1 விழுக்காடும் காட்மியத்துக்கு 0.01 விழுக்காடும் உச்சவரம்பு. இதைச் சரிபார்க்க ஆய்வகத்துக்கு ஓட வேண்டியதில்லை. பேடின் விளிம்பில் அச்சிட்ட குறியீட்டில் ஏ, பி, என் என்னும் எழுத்துகளில் ஒன்றும் தயாரித்த ஆண்டும் இருக்கும். ‘என்’ இருந்தால் செம்பு 0.5 விழுக்காட்டுக்குள் என்று பொருள், கடைக்காரரே படித்துவிடலாம்.

இந்தியாவில் மத்திய மோட்டார் வாகன விதிகள் பிரேக் வண்டியை நிறுத்துகிறதா என்று சோதிக்கின்றன. அது எதை உதிர்க்கிறது என்று கேட்பதில்லை. ஆனால் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஆம் பிரிவு, பிரேக் பற்றியும் வண்டியிலிருந்து வெளிப்படும் புகை, சாம்பல், துகள், எண்ணெய் பற்றியும் விதி செய்யும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளிக்கிறது. வரம்புகளும் நமக்குப் புதியவை அல்ல: ஈயம், பாதரசம், ஆறிணைதிறக் குரோமியத்துக்கு 0.1, காட்மியத்துக்கு 0.01 விழுக்காடு என்ற இதே அளவுகள் மின்னணுக் கழிவு விதிகளில் உள்ளன. கைப்பேசிக்கு உள்ள விதி லாரிக்கு இல்லை. மூலத்திலேயே நீக்குவதற்கும் முன்மாதிரி உண்டு. பெட்ரோலில் ஈயத்தைப் புகைக்குழாயில் பிடிக்க முயலாமல் சுத்திகரிப்பு ஆலையிலேயே நிறுத்தினோம். 2000 பிப்ரவரி 1 முதல் நாடெங்கும் ஈயமற்ற பெட்ரோல் வந்தது.

எண்ணூரின் நிலையை அறிந்தவர் எழுப்பும் முதல் மறுப்பு வலுவானது: அனல்மின் சாம்பலும் ஆலைக் கழிவும், 2023 டிசம்பர் வெள்ளத்தில் பரவிய எண்ணெயும் கழிமுகத்தை நிறைத்திருக்க, பிரேக் தூளைப் பற்றிப் பேசுவது பெரியவரை விட்டுச் சிறியவரைப் பிடிப்பதாகாதா? விகிதத்தில் அது சிறிதாகவே இருக்கலாம். அளந்துதான் சொல்ல வேண்டும். ஆனால் இரண்டுக்கும் தேவைப்படும் கருவிகள் வேறு. சாம்பலுக்குச் சட்டம் உண்டு, செயல்படுத்துவதுதான் குறை. பிரேக் துகளுக்கு விதியே இல்லை. ஒன்றுக்கான விதியை எழுதுவதால் மற்றதன் மீதான வழக்கு தளர்ந்துவிடாது. மேலும், ஏற்கெனவே பாரம் மிகுந்த நீர்நிலையில் ஒவ்வொரு கூடுதல் சுமையும் தன் அளவை மீறிக் கனக்கிறது.

இரண்டாவது மறுப்பு இன்னும் நுட்பமானது. இங்கு லாரிகளில் பெரும்பாலானவை டிரம் பிரேக் கொண்டவை. அவற்றின் லைனிங்கில் செம்பு பொதுவாகக் குறைவு. ஆகவே கலிபோர்னியாவின் கவலை நமக்குப் பொருந்தாது என்பர். லாரியைப் பொறுத்தவரை இது பெருமளவு சரி. அங்கே முதற்கவலை ஆஸ்பெஸ்டாஸும் கன உலோகங்களுமாக இருக்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் பயன்பாட்டுக்கு நாடு தழுவிய தடை இல்லாத நிலையில் அது பட்டறைத் தொழிலாளியின் நுரையீரலையும் தொடும் விஷயம். ஆனால் கலிபோர்னியா சட்டத்தை அப்படியே பெயர்த்தால் வேறொரு ஓட்டை விழும்: அது மோட்டார் சைக்கிளுக்கு விலக்களிக்கிறது. நம் பதிவு வாகனங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இருசக்கர வண்டி. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயமானதால் டிஸ்க் பரவுகிறது. உலோகத் தூளைச் சூட்டில் இறுக்கிச் செய்யும் வகை பேடுகளில் செம்பு மிகுதி. டிஸ்க் முழுதாகப் பரவிய பின் மாற்றுவதைவிடப் பரவும்போதே வரம்பு வைப்பது மலிவு. நம் விதி இருசக்கர வண்டியிலிருந்தே தொடங்க வேண்டும்.

மூன்றாவது, பாதுகாப்பும் விலையும். பிரேக்கில் சோதனை செய்து உயிரைப் பணயம் வைக்கலாமா என்ற கேள்வி நியாயமானதே. அதனால்தான் கலிபோர்னியா பதினைந்து ஆண்டு அவகாசம் கொடுத்தது. அந்த அவகாசத்தின் பலன் இன்று நமக்கும் கிடைக்கிறது. பாடி, அம்பத்தூர் வட்டாரம் பிரேக் லைனிங் தொழிலுக்குப் பழகிய இடம். அமெரிக்கச் சந்தைக்கு அனுப்புவோர் அங்குள்ள வரம்புக்கேற்ற கலவையைச் செய்தே ஆக வேண்டும். ஏற்றுமதிக்கு ஒரு கலவை, உள்ளூருக்கு ஒரு கலவை என்பதற்குப் பாதுகாப்புக் காரணம் சொல்ல முடியாது. விலை ஏறினால் போலிச் சரக்கு பெருகும் என்ற அச்சத்துக்கு, உதிரிப் பாகச் சந்தைக்கும் விளிம்புக் குறியீட்டைக் கட்டாயமாக்குவதே விடை. செம்புக்குப் பதிலாக ஆன்டிமனி போன்ற இன்னொரு நஞ்சு நுழையாதிருக்க, முழுக் கலவையையும் அரசுக்கு இரகசியமாகவேனும் தெரிவிக்கும் கடமை வேண்டும். ஐரோப்பாவின் யூரோ 7 விதி பிரேக் துகளுக்கு வரம்பு வைத்திருப்பது உண்மையே. ஆனால் மின்கலக் கார் தவிர்த்த கார்களுக்குக் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம் என்று காற்றில் கலக்கும் எடையை மட்டும் அளப்பதால், துகளின் நச்சுத்தன்மை அதன் கண்ணில் படாது.

எனவே மத்திய அரசு 110ஆம் பிரிவின் கீழ் மூன்றைச் செய்யலாம்: எல்லா வகை வண்டிக்கும் ஆஸ்பெஸ்டாஸையும் நான்கு கன உலோகங்களையும் உடனே விலக்குவது; இருசக்கர வண்டி, கார் பேடுகளில் செம்பைப் படிப்படியாக 0.5 விழுக்காட்டுக்குக் குறைப்பது; விளிம்புக் குறியீட்டை விற்பனைக்கான நிபந்தனையாக்குவது. மாநில வாரியம் தன் பங்காகப் பருவமழையின் முதல் வெள்ளத்தில் காரனோடையிலும் கழிமுகத்திலும் கரைந்த செம்பையும் சேற்றுச் செம்பையும் ஆண்டுதோறும் அளந்து வெளியிட வேண்டும். விதி பலன் தருகிறதா, எந்தக் கட்டத்தைத் திருத்த வேண்டும் என்பதை அந்த எண்களே தீர்மானிக்கட்டும்.